உப்பளத்துத் தாய்மார்களும் கருப்பைவாய்ப் பரிசோதனையும்

உப்பளத்தில் உழைக்கும் தாய்மார்களே! அவர்களுடைய கணவன்மார்களே!

மரக்காணம் கடற்கரையில் விடியுமுன்னே வேலைக்குப் போகிறீர்கள். பாத்தியில் நின்று உப்பு வாரிக் கூடையில் சுமக்கிறீர்கள். உடம்பில் ஒரு நோவு வந்தால், "இருக்கட்டும், பார்த்துக்கலாம்" என்று பெண்கள் தள்ளிப்போடுவது வழக்கம். அப்படித் தள்ளிப்போடக் கூடாத ஒரு காரியத்தை இங்கே சொல்கிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் எப்படி வருகிறது?

கருப்பையின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் வாய்தான் கருப்பைவாய். அங்கே வரும் புற்றுநோயால் 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறக்குறைய 80,000 பெண்கள் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி. பெரும்பாலோர் உடம்பில் இந்தக் கிருமி ஓரிரு ஆண்டில் தானே மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் மறையாமல் தங்கி, மெள்ள மெள்ளப் புற்றாக மாறும். அப்படி மாற பெரும்பாலும் 10, 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் புற்றே வராமல் தடுத்துவிடலாம்.

திண்டுக்கல்லில் நடந்தது

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு முதல் 2003 வரை ஒரு பெரிய பரிசோதனைத் திட்டம் நடந்தது. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள்தான். 2007-இல் முடிவு வெளியானது. அழைக்காத ஊர்களைவிட, அழைத்த ஊர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு! அதே 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசே இந்தப் பரிசோதனையைத் தொடங்கி, பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊர் தேடி வந்து அழைத்தும் ஏறக்குறைய 18,000 பெண்கள் வரவில்லை. பெண்கள் ஏன் வருவதில்லை? வழக்கமாகச் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே!"

வலி இல்லாதபோதுதான் வரவேண்டும். ஆரம்பத்தில் இந்த நோய் எந்த அடையாளமும் காட்டாது. வலியும் இரத்தப்போக்கும் வரும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும்.

"வெள்ளைப்படுவது உப்பளச் சூட்டினால்தான்"

வெயிலில் நிற்பவருக்கு மோரும் இளநீரும் நல்லதுதான். குடியுங்கள். ஆனால் துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் இரத்தம், தீட்டு நின்ற பிறகு மறுபடி இரத்தம் – இவை சூடு அல்ல. மோர் குடித்துக் காத்திராமல் உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், இனி என்ன?"

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் கருக்குழாயைத்தான் அடைக்கிறார்கள். கருப்பைவாய் அப்படியேதான் இருக்கிறது. பரிசோதனை அவசியம்.

"புற்றுன்னு சொல்லிட்டா சாவுதானே? தெரியாமலே இருந்துட்டுப் போறேன்"

இந்தப் பயம்தான் பல உயிர்களைக் கொண்டுபோகிறது. பரிசோதனையில் தெரியும் வெள்ளைத் திட்டு பெரும்பாலும் புற்று அல்ல. திண்டுக்கல்லில் பத்தில் ஒருவருக்கு அப்படித் தெரிந்தது. புற்றாக மாறக்கூடிய இடமென்றால் கருப்பையை எடுக்காமலே, குளிரூட்டியோ சூடேற்றியோ அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம். அன்றே வீடு திரும்பலாம்.

"வெட்கமா இருக்கே"

இயற்கைதான். பிரசவத்தின்போது உங்களைக் கவனித்துக்கொண்டவரைப் போன்ற நர்சம்மாதான் இதையும் செய்கிறார். தனியறையில், திரைக்குப் பின்னே நடக்கும். துணைக்கு அக்காவையோ மாமியாரையோ அழைத்து வாருங்கள்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

படுக்கவைத்து ஒரு கருவியால் கருப்பைவாயைப் பார்ப்பார்கள். வினிகர் போன்ற புளிப்பு நீரைப் பஞ்சில் தொட்டு அங்கே தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை. சற்று எரிச்சல் இருக்கலாம். முடிவை அங்கேயே சொல்லிவிடுவார்கள். 30 வயதான பெண்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். தீட்டு நாட்களைத் தவிர்த்து வாருங்கள்.

கணவன்மார்களே, உங்களுக்கு!

"நடத்தை சரியில்லாதவளுக்கு வர்ற நோவு" என்று சிலர் பேசுவார்கள். நம்பாதீர்கள். தாம்பத்திய உறவில் ஈடுபடும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கிருமி தொற்றிவிடுகிறது. ஆணிடமிருந்தும் பெண்ணுக்கு வரும். பல ஆண்டுக்கு முன் வந்தது இன்று தெரியலாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பரிசோதனைச் சீட்டை வைத்து மனைவியைச் சந்தேகிப்பது அநியாயம்.

"ஒருநாள் கூலி போயிடுமே" என்று அவர் தயங்கினால், "போயிட்டு வா, பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே பல பெண்கள் காத்திருக்கிறார்கள். கெட்ட இடத்தை அழிக்கும் சிகிச்சை நடந்திருந்தால், 4 வாரம் உறவைத் தவிர்க்கவேண்டும். அந்நாட்களில் நீர்போல வெள்ளைப்படும், பயப்பட வேண்டாம். காய்ச்சலோ, கடும் வலியோ, அதிக இரத்தப்போக்கோ வந்தால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

உங்கள் பெண் குழந்தைக்கு

இந்தக் கிருமியைத் தடுக்க ஊசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள், கிருமி தொற்றுமுன் போடுவது நல்லது. நர்சம்மாவிடம் கேளுங்கள். ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கும் 30 வயதில் பரிசோதனை வேண்டும்.

எப்போது, எங்கே போவது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு வேலை நின்றிருக்கும். கூலி போகாமல் வந்துபோக அதுவே நல்ல காலம். ஆனால் மேலே சொன்ன அடையாளங்கள் இருந்தால் மழைக்குக் காத்திராதீர்கள். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரையோ கேளுங்கள். அரசு நிலையங்களில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. மேற்சிகிச்சை தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன.

தாய்மார்களே! பரிசோதித்துக்கொண்டவர் பக்கத்துப் பாத்தியில் நிற்பவரிடம் சொல்லுங்கள். நாங்கள் சொல்வதைவிட, "நானும் போய்ட்டு வந்தேன், ஒண்ணும் பயமில்லை" என்று நீங்கள் சொல்வதைத்தான் அவர் நம்புவார்.

ஐந்தாண்டுக்கு ஒருநாள் உங்கள் உடம்புக்கு! வருமுன் காப்போம்!