உங்களுக்குத் தெரியுமா? மேலேறிய உதரவிதானத்தை மடித்துத் தைக்கலாம்!

“குனிஞ்சா மூச்சு முட்டுதுங்க, மல்லாந்து படுக்கவே முடியறதில்லீங்க.” வெள்ளகோவில் எண்ணெய் மில்லிலோ தறிக்கூடத்திலோ வேலை செய்பவர் இப்படிச் சொன்னால், ஆஸ்துமா, பஞ்சுத் தூசி, தொப்பை என்றுதான் நினைப்போம். அரிதாக உதரவிதானமும் காரணமாகலாம்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் இந்தத் தசை சிலருக்குப் பிறவியிலேயே மெலிந்திருக்கும். வேறு சிலருக்கு விபத்து, கட்டி, இதய அறுவை ஆகியவற்றால் கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு பழுதாகி, தசை தளர்ந்து மேலேறி நுரையீரலை நெருக்கும். மார்பு எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும். வலப்பக்கம் இயல்பாகவே சற்று உயரம். அதற்குப் பயப்பட வேண்டாம். மூக்கை வெடுக்கென்று உறிஞ்சச் சொல்லி, ஓடும் எக்ஸ்ரேயிலும் பார்ப்பார்கள். நல்ல தசை கீழிறங்கும்; செயலிழந்தது எதிராக மேலே போகும்.

தொந்தரவு இல்லாத பெரியவர்களுக்கு அறுவை தேவையில்லை. நரம்பு அண்மையில் பழுதாகியிருந்தால், தானே தேறுகிறதா என்று பல மாதங்கள் காத்திருப்பார்கள். தேறாமல் மூச்சுத்திணறல் நீடித்தால், தொளதொளத்த சட்டையைப் பிடித்துத் தைப்பதுபோல, தளர்ந்த பகுதியை மடித்துக் கரையாத நூலால் இறுக்கித் தைக்கிறார்கள். 1923-இலேயே மாரிசன் என்ற மருத்துவர் இத்தகைய சீரமைப்பைப் பதிவு செய்திருக்கிறார். இன்று விலா இடுக்கில் சிறு துளைகளிட்டு, கேமரா உதவியுடனும் செய்கிறார்கள். பழுதான நரம்பு இதனால் மீளாது. ஆனால் தசை விறைப்பாக நிற்பதால் நுரையீரல் விரிய இடம் கிடைக்கும். அந்த நிம்மதி பெரிது.

படுத்தால் மூச்சுத் திணறுவது இதய நோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால், டாக்டரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள்.