‘ஸ்பென்சர்’: டயானாவின் மூன்று நாளும், படத்தில் இல்லாத ஒலிநாடாக்களும்

இன்னைக்கு ஒரு படத்தைப் பத்திப் பேசப்போறேன். 2021-ல் வந்த ‘ஸ்பென்சர்’. இளவரசி டயானாவைப் பற்றிய படம். பிடிச்சிருக்கா இல்லையான்னு யாராவது கேட்டா, இப்பவும் என்னால ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியல. ரெண்டு தடவை பார்த்துட்டேன். முதல் தடவை முடிஞ்சதும் ரொம்ப நேரம் எழுந்திருக்காம உட்கார்ந்திருந்தேன். ரெண்டாவது தடவை பாதியிலேயே கோபம் வந்துடுச்சு.

பார்க்காதவங்களுக்காகக் கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். 1991 டிசம்பர். இங்கிலாந்து அரச குடும்பம் கிறிஸ்துமஸுக்காக சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் கூடுகிறது. சார்லஸுடனான திருமணம் கிட்டத்தட்ட முறிந்துபோன நிலையில் டயானாவும் வருகிறார். மூன்று நாள், அவ்வளவுதான். இயக்குநர் பாப்லோ லரெய்ன், சிலி நாட்டுக்காரர். எழுதியவர் ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடரை உருவாக்கிய ஸ்டீவன் நைட். டயானாவாக கிறிஸ்டன் ஸ்டூவர்ட். இந்த நடிப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனார்.

படம் தொடங்கும்போதே, இது உண்மையான ஒரு சோகத்திலிருந்து எடுத்த கற்பனைக் கதைன்னு எழுத்துல போட்டுடுறாங்க. அதனால ‘இப்படி நடக்கவே இல்லையே’ன்னு சண்டைக்குப் போறதுல அர்த்தமில்லை. என் பிரச்சினை வேற. அதுக்கு முன்னாடி பிடிச்சதைச் சொல்லிடுறேன்.

முதல் காட்சியில ராணுவ வண்டிகள் வரிசையா வருது. வெடிமருந்துப் பெட்டி மாதிரி இருக்கிற பெட்டிகளை இறக்கித் திறந்தா, உள்ளே சாப்பாட்டுச் சாமான்! சமையலறைச் சுவரில், சத்தம் போடாதீங்க, அவங்களுக்குக் கேட்கும்னு ஒரு அறிவிப்பு. எந்த வேளைக்கு எந்த உடைன்னு சீட்டு கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. வந்து இறங்கினதும் தராசில் உட்காரவைத்து எடை பார்க்கிறாங்க. திரும்பிப் போகும்போது எடை கூடியிருந்தாத்தான் விருந்தை ரசிச்சதா கணக்கு. சாப்பாட்டோடு போராடிக்கிட்டு இருக்கிற ஒரு பெண்ணை அந்தத் தராசில் உட்காரவைப்பதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் அந்த சூப் காட்சி. சார்லஸ் தனக்குக் கொடுத்த அதே மாதிரி முத்துமாலையை இன்னொரு பெண்ணுக்கும் கொடுத்திருக்கிறார் என்பது டயானாவுக்குத் தெரியும். அதைப் போட்டுக்கிட்டுத்தான் விருந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் பேசவில்லை. திடீரென்று மாலையை அறுக்கிறார், முத்துக்கள் பச்சை சூப்புக்குள் விழுகின்றன, அவற்றை ஸ்பூனால் எடுத்துக் கடித்து விழுங்குகிறார். அடுத்த நிமிஷம் பார்த்தா மாலை கழுத்திலேயே இருக்கு. எல்லாம் அவர் மனசுக்குள்ள நடந்தது. ஜானி கிரீன்வுட்டின் இசை அந்த இடத்துல நம்ம தொண்டையையும் சேர்த்து இறுக்குது.

டயானாவுக்கு புலிமியா இருந்தது. அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, உடனே வாந்தியாக வெளியேற்றும் நோய். என் நெருங்கிய தோழி ஒருத்திக்கும் கல்லூரிக் காலத்தில் அது இருந்தது. முதல் தடவை படத்தை அவளோடுதான் பார்த்தேன். குளியலறைக் காட்சி வந்ததும் எழுந்து வெளியே போயிட்டா. பிறகு அவள் சொன்னது: “நோயைச் சரியாத்தான் காட்டியிருக்காங்க. ஆனா அந்த மூணு நாளைத் தவிர அவளுக்கு வேற எதுவுமே இல்லாத மாதிரி காட்டுறாங்களே. நான் வாந்தி எடுத்துக்கிட்டே பரீட்சையும் எழுதினேன்டீ.” அந்தக் கண்ணோட ரெண்டாவது தடவை பார்த்தப்பதான் எனக்குக் கோபம் வந்தது.

சரி, 1991-ல் நிஜமான டயானா என்ன செய்துகொண்டிருந்தார்? தன் கதையைத் தானே ரகசியமாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். பத்திரிகையாளர் ஆண்ட்ரூ மோர்ட்டன் கேள்விகளை எழுதிக் கொடுப்பார். டயானாவின் நண்பரான டாக்டர் ஜேம்ஸ் கோல்ட்ஹர்ஸ்ட் அவற்றைக் கென்சிங்டன் அரண்மனைக்கு எடுத்துப்போவார். டயானா டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லுவார். தன் நோய், கணவரின் இன்னொரு உறவு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டது, எல்லாமே. 1992 ஜூனில் மோர்ட்டனின் புத்தகம் வெளிவந்தபோது பிரிட்டனே ஆடிப்போனது. தகவல் கொடுத்ததே டயானாதான் என்பதை அவர் இறந்த பிறகுதான் மோர்ட்டன் வெளியில் சொன்னார். அந்த ஆண்டே, டிசம்பர் 9 அன்று, தம்பதி பிரிவதாகப் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

அதாவது, அந்த கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகும்போது அவர் கையில ஒரு வெடிகுண்டு இருந்தது. அது அவருக்குத் தெரியும், மேசையில் இருந்த மத்தவங்களுக்குத் தெரியாது. சொல்லுங்க, இதைவிட நல்ல சினிமா வேணுமா? ஆனா படத்தில் அந்த ஒலிநாடாக்களைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லை. அதுக்குப் பதிலா ஆன் போலினின் ஆவி வந்து வழிகாட்டுது! 1536-ல் எட்டாம் ஹென்றி தலையை வெட்டச் சொன்ன அவரோட மனைவி. தானே திட்டம் போட்ட ஒரு பெண்ணுக்கு ஆவி எதுக்கு?

அவர் பிறந்த வீட்டையும் பாருங்க. சாண்ட்ரிங்ஹாம் பண்ணைக்குள்ளேயே இருக்கும் பார்க் ஹவுஸில்தான் 1961-ல் டயானா பிறந்தார். படத்தில் அது பலகை அடித்து மூடிய, உளுத்துப்போன பாழடைந்த வீடு. இரவில் அவர் தனியாக அங்கே போய் மாடிப்படி ஏறுகிறார். நிஜத்தில் 1987-லேயே அது மாற்றுத்திறனாளிகளுக்கான ஹோட்டலாகத் திறக்கப்பட்டுவிட்டது. கற்பனைன்னு சொன்ன பிறகு வீட்டைப் பாழாக்கிக்கலாம், தப்பில்லை. ஆனா இந்த மாற்றங்கள் எல்லாமே ஒரே பக்கமாத்தான் சாயுது. டயானாவைச் சுத்தி எல்லாம் இடியணும், அவர் கையில எதுவுமே இருக்கக் கூடாது.

இந்த கிறிஸ்துமஸ் முடிந்து ரெண்டு மாசத்துக்குள்ள நமக்கெல்லாம் தெரிஞ்ச அந்தப் புகைப்படம் வருது. 1992 பிப்ரவரி, தாஜ்மகால் முன்னால் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் டயானா. உலகத்துக்கே தன் திருமணத்தின் நிலைமையை ஒரு வார்த்தை பேசாம சொல்லிட்டாரு. கேமராவைக் கண்டு பயந்து ஓடிக்கிட்டே இருந்தவர் இல்லை அவர். அதைப் பயன்படுத்தவும் தெரிஞ்சவர். ரெண்டும் ஒரே ஆள்தான்.

இன்னொரு விஷயமும் உறுத்துது. 1995-ல் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் தன் நோயைப் பற்றி டயானா வெளிப்படையாகப் பேசினார். அந்தப் பேட்டியைப் பெற மார்ட்டின் பஷீர் போலி வங்கி ஆவணங்களைத் தயாரித்து ஏமாற்றினார் என்று டைசன் பிரபு நடத்திய விசாரணை அறிக்கை 2021 மே மாதம் சொன்னது. இனி அதை ஒளிபரப்பவே கூடாது என்றார் மகன் வில்லியம். மகனா அவர் சொல்றது புரியுது. அதே செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் ‘ஸ்பென்சர்’ திரையிடப்பட்டது. அவரே பேசின பேச்சு வேண்டாம்னு ஆகுது, அவரைப் போல இன்னொருத்தர் நடிக்கிறதுக்கு எழுந்து நின்னு கைதட்டுறாங்க. எனக்கு இது சரியாப் படல.

இவ்வளவு சொல்லிட்டு, மெழுகுவர்த்தி காட்சியைச் சொல்லாம விடமுடியாது. ராத்திரி ரெண்டு பையன்களையும் எழுப்பி, ராணுவ வீரன் மாதிரி நடிச்சு, ஒருத்தரையொருத்தர் கேள்வி கேட்டு உண்மையைச் சொல்லணும்னு ஒரு விளையாட்டு. சிரிச்சுக்கிட்டே ஆரம்பிக்குது. ‘ஏம்மா சோகமா இருக்கே?’ங்கற இடத்துக்கு வந்து நிக்குது. ரெண்டு தடவையும் அங்க நான் அழுதேன். அப்படி ஒரு இரவு நடந்ததா? தெரிய வேண்டிய அவசியமே எனக்கு வரல.

கடைசியில் பையன்களைக் காரில் ஏற்றி லண்டனுக்குப் போகிறார். கேஎஃப்சியில் ஆர்டர் பண்ணும்போது பெயர் கேட்கிறாங்க, ‘ஸ்பென்சர்’னு சொல்றார். பிறந்த வீட்டுப் பேர். பார்க்க நல்லா இருக்கு. நிஜத்தில் விவாகரத்துக்கு 1996 ஆகஸ்ட் வரை ஆனது. அடுத்த ஆகஸ்டில் பாரிஸில் அவர் இறந்துவிட்டார்.

படம் பார்க்கப் போறவங்களுக்கு: சாப்பாட்டுக் கோளாறோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் காட்சியோ உங்களைப் பாதிக்கும்னா தனியாப் பார்க்காதீங்க. பார்த்து முடிச்சதும் 2017-ல் நேஷனல் ஜியோகிராஃபிக் வெளியிட்ட ‘டயானா: இன் ஹர் ஓன் வேர்ட்ஸ்’ ஆவணப்படத்தையும் தேடிப் பாருங்க. கோல்ட்ஹர்ஸ்ட் பதிவு செய்த அந்த நாடாக்கள்தான் அதில் ஓடுது. கதை சொல்ல வேற குரல் கிடையாது.