நஃபீஸ் பள்ளத்தாக்கு: மண்ணால் எழுந்த மரபு

இஸ்லாமியக் கட்டடக் கலை என்றவுடன் குர்துபாவின் பெரும்பள்ளியும் கிரனாடாவின் அல்ஹம்ராவும் நம் நினைவில் எழுகின்றன. இவை தலைநகரங்களின் பெருமைகள். ஆனால், வடஆப்பிரிக்காவையும் அந்தலுஸையும் ஒருசேர ஆண்ட ஒரு பேரரசு மலையிடுக்கில் அமைந்த ஒரு சிற்றூரில் உருப்பெற்றது என்பதைப் பலர் அறியார். மொரோக்கோவின் உயர் அட்லஸ் மலையில், மர்ராகுஷ் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், நஃபீஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள தின்மல் என்பதே அவ்வூர்.

மஸ்மூதா பெர்பர் குலத்தைச் சேர்ந்த இப்னு தூமர்த், கிழக்கு நாடுகளில் கல்வி கற்றுத் திரும்பியபின், அன்று ஆட்சியிலிருந்த முராபித்துகளைக் கண்டித்துப் பரப்புரை செய்தார். 1120களில் தின்மலைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டு, மலைமக்களுக்கு அவர்தம் தாய்மொழியிலேயே தவ்ஹீதைப் போதித்தார். அவரைப் பின்பற்றியோர் ‘முவஹ்ஹிதூன்’ எனப்பட்டனர். தாமே மஹ்தி என அவர் கொண்டாடிய உரிமையைப் பின்னாளில் அம்மரபின் கலீஃபா அல்மஃமூனே வெளிப்படையாக மறுத்தார். 1130இல் இப்னு தூமர்த் மறைந்தபின் தலைமையேற்ற அப்துல் முஃமின், 1147இல் மர்ராகுஷைக் கைப்பற்றினார். அதற்கடுத்த ஆண்டில் தின்மல் பள்ளிவாசல் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது.

பள்ளிவாசலின் அமைப்பு

இறைவனின் ஒருமையை வலியுறுத்திய இயக்கத்தினர் தம் பள்ளிவாசலில் எளிமையையும் ஒழுங்கையும் நாடினர். செங்கல் தூண்கள் தாங்கும் 9 நடைகள் கிப்லாச் சுவரை நோக்கிச் செல்கின்றன. நடுநடை மற்றவற்றினும் அகன்றது. அது கிப்லாச் சுவரையொட்டிய குறுக்கு நடையைச் சந்திக்கும் இடத்தில் மிஹ்ராபுக்கு முன்னே ஒரு குவிமாடமும், குறுக்கு நடையின் இரு முனைகளிலும் இரு குவிமாடங்களும் அமைந்தன. தேன்கூட்டை ஒத்த முகர்னஸ் வேலைப்பாடு இக்குவிமாடங்களை அழகுசெய்தது. தொழுவோர் மிஹ்ராபை நெருங்க நெருங்க அணிவேலை செறிவடையும். ஏனைய இடங்களில் வெண்சாந்து மட்டுமே. மினாரா மிஹ்ராபுக்கு மேலாக எழுந்தது. இது மிக அரிதான அமைப்பு. மர்ராகுஷின் குத்துபிய்யாப் பள்ளிவாசலும் இதே திட்டத்தை 17 நடைகளுடன் பெரிய அளவில் கொண்டுள்ளது.

1270களில் மரீனிய்யர் தின்மலைக் கைப்பற்றி அழித்தனர். ஊர் சிறுத்தது, பள்ளிவாசலின் கூரை சரிந்தது. எனினும் சுவர்களும் வளைவுகளும் எட்டு நூற்றாண்டுக்கும் மேலாக நின்றன.

இப்னு கல்தூன் கண்ட தொழில்

அச்சுவர்கள் மண்ணாலானவை. 1377இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் இக்கட்டுமான முறையை விரிவாக விளக்குகிறார். சராசரியாக நான்கு முழ நீளமும் இரண்டு முழ அகலமும் கொண்ட இரு பலகைகளை எதிரெதிராக நிறுத்தி, இடையே குறுக்குக் கட்டைகளை வைத்துக் கயிற்றால் பிணைப்பர். சுண்ணாம்பு கலந்த மண்ணை உள்ளே கொட்டி, இடிகட்டைகளால் இறுகும்வரை இடிப்பர். பிறகு பலகைகளைக் கழற்றி அடுத்த வரிசைக்கு நகர்த்துவர். இம்முறைக்குத் ‘தாபியா’ என்றும், இதைச் செய்பவருக்குத் ‘தவ்வாப்’ என்றும் பெயர். குறுக்குக் கட்டைகள் விட்டுச்சென்ற துளைகளை மர்ராகுஷின் மதில்களில் இன்றும் காணலாம். கலீஃபாவின் பள்ளிவாசலுக்கும் உழவனின் வீட்டுக்கும் தொழில்நுட்பம் ஒன்றே.

அட்லஸ் மலையூர்களில் வீடுகள் சரிவில் படிப்படியாக அமையும். கீழ்வீட்டின் தட்டையான மண்கூரை மேல்வீட்டாருக்கு முற்றம் போலாகும். வாற்கோதுமை வயல்களுக்கும் வாதுமைத் தோப்புகளுக்கும் வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிடுவது ‘ஜமாஅத்’ எனும் ஊர்ச்சபையின் பொறுப்பு. ஊர்ப் பள்ளியின் ஃபகீஹையும் ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் ஊராரே அமர்த்துவர். ‘அகாதிர்’ எனும் பொதுக் களஞ்சியத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பூட்டுடன் கூடிய ஓர் அறை உண்டு. அதன் காவலர் ‘அமீன்’. களஞ்சியத்தின் விதிகளை மரப்பலகைகளில் எழுதிவைத்த வழக்கமும் இருந்தது.

நடுக்கத்துக்குப் பின்

2023 செப்டம்பர் 8ஆம் நாள் இரவு 6.8 அளவிலான நிலநடுக்கம் இம்மலைப்பகுதியைத் தாக்கியது. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்த தின்மல் பள்ளிவாசலின் பெரும்பகுதியும் சரிந்தது. இடிபாடுகளிலிருந்து பகுதிகளைப் பிரித்தெடுத்து மீட்கும் பணி பின்னர் தொடங்கிற்று.

பள்ளிவாசலை மீட்க வல்லுநர்கள் இருக்கிறார்கள். ஊர்களின் நிலை வேறு. இடிந்த மண்சுவர் பொடியாகி, உள்ளே சிக்கியோர் மூச்சுவிட இடமின்றிச் செய்தது. ஆகவே பிள்ளைகளை இழந்த தாய் சிமெண்டு வீட்டை நாடுவதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. எனினும் குறை மண்ணில் மட்டுமே இருந்ததாகக் கொள்வது சரியன்று. பராமரிப்பின்மை, பிணைப்பற்ற மூலைகள், பாரமான கூரைகள் ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. மண் கட்டடங்களுக்கென்றே நிலநடுக்க விதிமுறைகளை மொரோக்கோ 2011இல் வகுத்திருந்தது. அவை ஏட்டில் உள்ளன. மலையூர்க் கொத்தனின் கையை அவை எட்டவேண்டும்.

மண்சுவர் ஆண்டுதோறும் பூச்சு கேட்கும்; கூரை மழைக்குமுன் செப்பனிடக் கேட்கும். அதற்கு ஊர் கூடவேண்டும். இளைஞர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றுவிட்ட ஊரில் சுவரும் தளரும், சபையும் தளரும். தின்மலின் வளைவுகளை மீண்டும் நிறுத்திவிட்டு, அவற்றை எழுப்பிய தொழிலை மறையவிட்டால், நமக்கு மிஞ்சுவது ஒரு காட்சிப்பொருளே. தவ்வாபின் பேரனும் தவ்வாபாக வாழ வழி பிறக்கும்போதுதான் அப்பள்ளத்தாக்கின் மரபு மீண்டதாகும்.