சத்தம் எதனோடு சேர்ந்து ஓடுகிறது?

ஸ்டியரிங்கில் சத்தம் என்று வொர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்கள், அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக்காட்ட வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போவார்கள். நல்ல மெக்கானிக் அதைச் சிரித்தபடி கேட்டுவிட்டு, "எப்போ வருது?" என்பார். பதில் வராது. கோளாறைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த 'எப்போ'தான்.

காரில் சில பாகங்கள் இன்ஜினோடு சுழல்கின்றன, சில சக்கரத்தோடு. சில ஓட்டுநரின் கையோடு மட்டும் திரும்புகின்றன. மூன்றுக்கும் வேகம் வேறு. சத்தம் எதன் வேகத்தைப் பின்தொடர்கிறது என்று தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். 'ஙொய்' என்ற முனகல், மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறினால் அது இன்ஜின் பக்கத்துச் சத்தம். ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்றால் முதல் சந்தேகம் பம்ப் மேல்தான். ஸ்டியரிங் ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அழுத்தம் ஏறும் பக்கத்தில் குமிழிகள் நசுங்கும்போது எழுவதே அந்த முனகல். டப்பாவைத் திறந்தால் ஆயில் நுரைத்திருக்கும். புது ஆயில் ஊற்றியதும் சத்தம் நின்றுவிடலாம். ஆனால் இது எரிந்து தீர்கிற பொருள் அல்ல. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிக்கும்போது வரும் 'உஸ்' வேறு. அழுத்தம் உச்சத்துக்குப் போனதும் வால்வு திறந்துகொள்ளும் ஒலி அது, கோளாறல்ல. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறும்.

1988-இல் சுசூகி செர்வோ காரில் மின்சார ஸ்டியரிங் வந்தது. இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலும் அதுதான். மோட்டாரே நேரடியாகக் கைகொடுப்பதால் பம்பும் இல்லை, ஆயிலும் இல்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு ஸ்டியரிங் ஆயில் மாற்றியதாக யாராவது பில் கொடுத்தால், எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

வண்டி நகரும்போது மட்டும், ஒடித்துத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று வேகத்துக்கேற்பக் கேட்கிறதா? முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் இது ஆக்சில் முனையிலுள்ள சிவி ஜாயின்ட். 1920-களில் ஆல்ஃபிரட் செப்பா உருவாக்கிய வடிவம்: ஒரு கிண்ணத்தின் பள்ளங்களுக்கும் அதனுள் இருக்கும் குண்டின் பள்ளங்களுக்கும் நடுவே ஆறு உருண்டைகள். மேலுள்ள ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய்விடும். பள்ளங்கள் தேய்ந்த பிறகு புது பூட் போட்டுப் பயனில்லை. தொடர்ச்சியான 'ஹூம்' என்றால் வீல் பேரிங். இடதுபுறம் வளையும்போது எடை வலச் சக்கரத்துக்கு மாறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கத்து பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலே 'டொய்ங்' என்கிறதா? சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல்முனையில் ஒரு பேரிங் இருக்கிறது. அது துருப்பிடித்து இறுகினால் ஸ்பிரிங் திரும்பாமல் முறுக்கேறும். முறுக்கு உராய்வை மிஞ்சியதும் சட்டென்று விடுபட்டு அதிரும். ஒட்டுவதும் வழுக்குவதுமான இதே ஆட்டம்தான் வயலின் தந்தியை வில் பாட வைக்கிறது. பானெட்டைத் திறந்து அந்த மேல்முனையில் கைவைத்தபடி, இன்னொருவரைத் திருப்பச் சொன்னால் உதறல் விரலுக்கே தெரியும்.

விரல் ஏன் வேண்டும் என்றால், காது ஏமாறும். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் போகும், காற்றில் 340 மீட்டர்தான். உலோகம் வழியே பரவும் சத்தம் சக்கரத்தில் பிறந்து டேஷ்போர்டுக்கு அடியில் கேட்கும். மெக்கானிக்குகள் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைப்பது இதனால்தான்.

இவற்றில் பல சில நாள் பொறுக்கும். மேடுபள்ளத்தில் 'கட கட', கூடவே ஸ்டியரிங்கில் ஆட்டம் என்றால் பொறுக்காது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டோ, சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டோ கழன்றால் சக்கரம் ஓட்டுநர் சொன்ன பக்கம் போகாது. ஜாக்கியில் தூக்கி, டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் தேய்மானம் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் பால் ஜாயின்ட்டிலோ பேரிங்கிலோ இருக்கும்.