சன்ஸ்கிரீனில் நனோத் துணிக்கைகள்: பயப்பட வேண்டுமா?

சென்ற மாதம் எமது தமிழ்ப் பாடசாலை வாசலில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். "அக்கா, சன்ஸ்கிரீனில நனோ எண்டு ஏதோ போடுகினமாம். அது தோலுக்குள்ளால ரத்தத்துக்குப் போகுமாம். நான் இவனுக்குப் பூசுறதை விட்டிட்டன்." மகனுக்கு ஆறு வயது. அன்று புறஊதாச் சுட்டெண் 11.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எனது அண்ணாவின் மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் இத்துணிக்கைகளைப் பற்றித்தான் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறாள். கேட்டதும் தன் ஆய்வுகூடத்துக்கே கூட்டிச் சென்று காட்டினாள்.

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறுதான் நனோமீற்றர். எமது தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். சன்ஸ்கிரீன்களில் சேர்க்கும் சிங்க் ஒக்சைட்டு, தைத்தேனியம் டைஒக்சைட்டுத் துணிக்கைகள் பல 100 நனோமீற்றரிலும் சிறியவை. முன்பு கிரிக்கெட் வீரர்கள் மூக்கில் வெள்ளையாகப் பூசிக்கொண்டு விளையாடியது நினைவிருக்கும். அதுவும் சிங்க் ஒக்சைட்டுத்தான், ஆனால் பெரிய துணிக்கைகள். அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிந்தன. மிகச் சிறிதாக்கினால் அவ்வொளி பெரும்பாலும் ஊடுருவிச் சென்றுவிடும். புறஊதாக் கதிர் மட்டும் தடுபடும். எமது நிறத்தவர் திருநீறு பூசியது போலத் தெரியாமல் வெளியே போக முடிவது இதனால்தான்!

இவற்றைப் பாடசாலையில் நாம் பார்த்த நுணுக்குக்காட்டியால் காண முடியாது. ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நனோமீற்றர் வரை. 200 நனோமீற்றருக்குக் கீழே எல்லாம் மங்கிவிடும். ஆகவே ஒளிக்குப் பதிலாக இலத்திரன்களைச் செலுத்துகிறார்கள். 1931இல் பேர்லினில் ருஸ்காவும் நொல்லும் அமைத்த கருவியின் வழிவந்தது இது. ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986இல்தான்.

மருமகள் களிம்பில் ஒரு பொட்டு எடுத்து, மதுசாரத்தில் கலக்கி, 3 மில்லிமீற்றர் அகலமான செப்பு வலை ஒன்றில் ஒரு துளி விட்டுக் காயவைத்தாள். அதைக் காற்றே இல்லாத குழாய்க்குள் செலுத்தியதும் திரையில் கறுப்புக் குச்சிகள் போலத் துணிக்கைகள் தெரிந்தன. தனித்தனியாக அல்ல, புட்டுக்குக் குழைத்த மா கட்டிபட்டது போல ஒட்டிக்கிடந்தன. சிலவற்றைச் சுற்றி மெல்லிய வெளிர் ஓரம் ஒன்று. அது சிலிக்காப் பூச்சு. தைத்தேனியம் டைஒக்சைட்டு வெயில் பட்டால் அருகிலுள்ளவற்றைத் தாக்கும் பொருட்களை உண்டாக்கக்கூடும். அதைத் தடுக்கவே இப்பூச்சு. பூச்சு முழுமையாக இருக்கிறதா என்று நூற்றுக்கணக்கான துணிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் அவளது வேலை. பொறுமை வேண்டும்.

"ஆனால் மாமி, காயவைக்கும்போதே கட்டிபட்டதா, களிம்புக்குள்ளேயே அப்படித்தானா என்று இந்தப் படம் சொல்லாது" என்றாள். அதற்காக மாதிரியைக் கணப்பொழுதில் உறையவைத்தும் பார்க்கிறார்களாம்.

சரி, தோலுக்குள் போகிறதா? தோலின் மேற்படை இறந்த கலங்களால் ஆனது. துணிக்கைகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அவுஸ்திரேலிய மருந்துப் பொருட்கள் நிர்வாகம் 2013இலும் பின்னர் 2016இலும் வெளியிட்ட மீளாய்வுகள் இதையே கூறின. 2010இல் வெளியான மக்குவாரிப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், அடையாளமிட்ட சிங்க் கலந்த சன்ஸ்கிரீனைக் கடற்கரையில் 5 நாட்கள் பூசியவர்களின் இரத்தத்தில் அந்தச் சிங்க் மிகச் சிறிதளவு காணப்பட்டது. துணிக்கையாகப் போனதா, கரைந்து போனதா என்பதை அம்முறையால் பிரித்தறிய முடியவில்லை. பரவிய பயத்தின் வேர் இதுவாக இருக்கலாம். எனினும் பருப்பிலும் இறைச்சியிலும் நாம் தினமும் உண்ணும் சிங்க்கோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம்.

என்னைக் கேட்டால், கவனிக்கவேண்டியது மூச்சைத்தான். இத்துணிக்கைகள் நுரையீரலுக்குள் போவது நல்லதல்ல. ஆகவே பிள்ளைகளின் முகத்துக்கு நேரே ஸ்பிறே அடிக்காதீர்கள். களிம்பாக வாங்கிக் கையால் பூசுங்கள். வெளியே போக 20 நிமிடம் முன்பு பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டும்.

"நாங்கள் கறுப்புத்தானே, எங்களுக்கு ஏன்?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மிகக் கருமையான தோலுள்ள வளர்ந்தவர்கள் தினமும் பூசத் தேவையில்லை என்று அண்மைக்கால அவுஸ்திரேலிய ஆலோசனையும் சொல்கிறது. எம்மவரிடம் விற்றமின் டி குறைபாடு இருப்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் கடற்கரையிலும் விளையாட்டு மைதானத்திலும் நீண்ட நேரம் நிற்கும்போது அது பொருந்தாது. எமது பிள்ளைகளின் நிறமும் ஒரே மாதிரி இல்லை. சந்தேகமிருந்தால் குடும்ப வைத்தியரைக் கேளுங்கள்.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். ஸ்பிறேயை நிறுத்திவிட்டுக் களிம்பு வாங்கியிருக்கிறாராம். பையன்தான் ஸ்பிறே வேண்டுமென்று அழுகிறானாம்.