இடைநிலை வகுப்புகளில் புவியியல் கற்பித்தல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை புவியியல் தனிப்பாடம் அன்று. வரலாறு, குடிமையியல், பொருளியல் ஆகியவற்றோடு சமூக அறிவியலின் ஒரு பகுதியாக அது கற்பிக்கப்படுகிறது. மேல்நிலை வகுப்பில் புவியியலை எடுத்துப் படிப்போர் குறைவு. ஆகவே பெரும்பாலானோருக்குப் பத்தாம் வகுப்போடு இந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. வரைபடம் பார்க்கவும், வானிலை அறிவிப்பைப் புரிந்துகொள்ளவும், ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறியவும் அவர்களுக்குக் கிடைப்பவை இந்த ஐந்து ஆண்டுகள்தான்.

இந்த ஐந்து ஆண்டுப் பாடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. கீழ் வகுப்பில் ஒரு கருத்து விட்டுப்போனால் மேல் வகுப்பில் மாணவர் மனப்பாடத்தில் இறங்குகிறார். "தமிழ்நாடு வடகிழக்குப் பருவக்காற்றால் அதிக மழை பெறுவது ஏன்?" என்பது பத்தாம் வகுப்பில் பழகிப்போன கேள்வி. இதற்கு விடை எழுத மாணவருக்கு அட்சக்கோடு, வரைபடம், நிலத்தின் உயரம், காற்றின் திசை ஆகிய நான்கும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றுக்கான அடிப்படை முந்தைய வகுப்புகளிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆறாம் வகுப்பில் உலக உருண்டை அறிமுகமாகிறது. அட்சக்கோடு என்பது உருண்டையில் அச்சடித்த கோடு என்ற அளவில் பாடம் நின்றுவிடக் கூடாது. சென்னை ஏறத்தாழ வடக்கு 13 டிகிரியில் உள்ளது. அங்கே ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் ஒவ்வொரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. ஆகஸ்டில் மேகம் மறைக்காவிட்டால் மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்று காட்டலாம். டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே இப்படி ஒரு நாள் வருவதே இல்லை. நிழல் மறைவது கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு அல்ல, சில நிமிடங்கள் கழித்து. "ஏன் சார் தாமதம்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். இந்திய நேரம் கிழக்கு 82 டிகிரி 30 நிமிடத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது, சென்னையோ அதற்கு மேற்கே இருக்கிறது, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று அங்கேயே விளக்கிவிடலாம்.

வரைபடத்தைச் சுவரில் மாட்டியே நடத்துவதால் ஒரு குழப்பம் வருகிறது. மாணவர்கள் வடக்கை 'மேல்' என்றும் தெற்கைக் 'கீழ்' என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆறுகள் எல்லாம் தெற்கே இறங்கும் என்றும் சிலர் நம்புகிறார்கள். சம்பலும் பேட்வாவும் வடக்கு நோக்கி ஓடி யமுனையில் கலக்கின்றன என்றால் வியக்கிறார்கள். வரைபடத்தைத் தரையில் விரித்து, அதன் வடக்கை உண்மையான வடக்கோடு பொருத்தி, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உயரத்தைக் காட்டுபவை சம உயரக் கோடுகள். இவற்றைக் கரும்பலகையில் மட்டும் விளக்குவது வீண் வேலை. பெரிய உருளைக்கிழங்கு ஒன்றைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, இரண்டு ஈர்க்குச்சிகளை மேலிருந்து செங்குத்தாகச் செருகி எடுத்தால் துளைகள் கிடைக்கும். பிறகு அதைக் கிடையாகச் சம தடிமனில் வில்லைகளாக அரிய வேண்டும். துளைகளை அடையாளமாக வைத்து ஒவ்வொரு வில்லையையும் ஒரே தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தால், சரிவு செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கியும் சாய்வான பக்கத்தில் விலகியும் விழும். இதைச் செய்த பிள்ளைகளிடம் இந்திய நில அளவைத் துறையின் 50,000-இல் ஒரு பங்கு அளவை கொண்ட வரைபடத்தைத் தந்தால் மிரள மாட்டார்கள். அதில் 2 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீட்டர்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் வானிலையும் வளிமண்டலமும் வருகின்றன. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதைக் கொண்டு, மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் ஏறத்தாழ 12 டிகிரி வேறுபாடு இருக்கலாம் என்று அவர்களே கணக்கிடுவார்கள். அதிகம் தவறு நேரும் இடம் காற்றின் பெயர். வடகிழக்குப் பருவக்காற்று வடகிழக்கிலிருந்து வருவது. வடகிழக்கு நோக்கிப் போவதன்று. கடல் நீரோட்டத்துக்கோ அது போகும் திசையைச் சொல்வது வழக்கம். இரண்டையும் அடுத்தடுத்து நடத்தும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், மாணவர் விடைத்தாளில் அம்புக்குறியைத் தலைகீழாகப் போடுவார்.

இவ்வளவும் தெரிந்து பத்தாம் வகுப்புக்கு வருபவருக்குப் பருவக்காற்றுப் பாடம் எளிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுப்பதால் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதியாகிறது. அதே காலத்தில் குற்றாலத்தில் சாரல் அடிப்பது, செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடரில் உள்ள கணவாய் வழியே காற்று நுழைவதால். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலத்திலிருந்து வறண்டு வரும் காற்று, வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரம் ஏற்றிக்கொண்டு நம் கரையை அடைகிறது. அதனால்தான் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதங்களில் கிடைக்கிறது.

பல பள்ளிகளில் வரலாறு படித்த ஆசிரியரே புவியியலையும் நடத்துகிறார். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் வரைபடப் பயிற்சியைப் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதத்துக்குத் தள்ளிவைப்பது சரியன்று. அப்போது மாணவர் புள்ளி வைக்கும் இடத்தை மட்டும் பழகிக்கொள்கிறார். குற்றாலத்தைச் சரியாகக் குறித்த மாணவரிடம், "ஜூலையில் இங்கே மழை, தூத்துக்குடியில் ஏன் இல்லை?" என்று அந்தத் தாளின் ஓரத்திலேயே இரண்டு வரி எழுதச் சொல்லலாம்.