சிப் போட்டால் குதிரைசக்தி கூடுமா?

பினாங்கு, சூலியா தெருவில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



காரில் சிப் மாற்றினால் சக்தி கூடும் என்கிறார் விற்பவர். எல்லாம் ஏமாற்று என்கிறார் பழைய மெக்கானிக். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உங்கள் காருக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பது ஆண்டுத் தவணையில் கார் எடுத்து, அதன் மேல் சில ஆயிரம் வெள்ளியைச் சிப்புக்குக் கொடுக்கத் துடிக்கும் தம்பிகளுக்காகத்தான் இதைப் பேசுகிறேன்.

முதலில், சிப் என்பது என்ன? எவ்வளவு பெட்ரோலைத் தெளிப்பது, பிளக்கில் எந்த நொடியில் பொறி விடுவது என்பதையெல்லாம் இன்றைய காரில் ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. அதற்கான கணக்கு அட்டவணை அதன் நினைவகத்தில் இருக்கிறது. 1980-களில் அந்த நினைவகச் சிப்பைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினார்கள். பெயர் அப்படி வந்தது. இப்போது பெரும்பாலும் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கம்பியை மாட்டி, அட்டவணையை மாற்றி எழுதுகிறார்கள். ஆக, சிப் என்பது என்ஜினுக்குக் கொடுக்கும் உத்தரவு. உத்தரவு மாறினால் மட்டும் சக்தி வந்துவிடுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2005-ல் வந்த பெரோடுவா மைவி 1.3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அதன் சக்தி 86 குதிரை. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.3 லிட்டர் காற்றை இழுக்கும் என்றால் நிமிடத்துக்கு 3,900 லிட்டர். நம் ஊர் வெயிலில் அந்தக் காற்றின் எடை சுமார் நாலரை கிலோ. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். அப்படியானால் எரிக்க முடிந்தது ஏறத்தாழ 310 கிராம்தான். அதன் வெப்பம் முழுவதும் சக்தியானால் சுமார் 300 குதிரை வரும். புகைக்குழாயிலும் ரேடியேட்டரிலும் உராய்விலும் போனது போக, கால் பங்குக்குச் சற்று மேல் சக்கரத்தின் பக்கம் வருகிறது. கிட்டத்தட்ட அந்த 86.

இங்கே சிப் என்ன செய்ய முடியும்? பெட்ரோலைக் கூட்டிப் பார்க்கலாம்; ஆனால் காற்று கூடாதே! பொறியைக் கொஞ்சம் முன்கூட்டி விடலாம். அதையும் தயாரிப்பாளர் ஏறக்குறைய எல்லை வரை செய்துதான் அனுப்புகிறார். எனவே டர்போ இல்லாத காரில் ஐந்து சதவீதம் கிடைத்தாலே பெரிது. மைவியில் அது நான்கு குதிரை. நண்பர் ஒருவரை வழியில் இறக்கிவிட்டால் அதே வித்தியாசத்தை உணரலாம்.

டர்போ காரின் கதை வேறு. அங்கே காற்றை அழுத்தி உள்ளே தள்ள ஒரு விசிறி இருக்கிறது. புரோட்டோனின் கேம்ப்ரோ வரிசையிலேயே பாருங்கள். டர்போ இல்லாத 1.6 சிபிஎஸ் என்ஜின் 125 குதிரை, 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. 2012-ல் பிரிவேயில் வந்த டர்போ என்ஜின், கொள்ளளவில் சற்றுச் சிறியது. ஆனாலும் 138 குதிரை, 205 நியூட்டன் மீட்டர் தந்தது. காற்று கூடியது, சக்தியும் கூடியது. அந்த அழுத்தத்தை எவ்வளவு வைப்பது என்று சொல்வதும் கணினிதான். அதனால் டர்போ காரில் அட்டவணையை மாற்றினால் 20 சதவீதம்கூட ஏறலாம். இது ஏமாற்று அல்ல.

பிறகு ஏன் தயாரிப்பாளரே அதைக் கொடுக்கவில்லை? நம் ஊர் நாசி கண்டாரின் பெயரே காவடித் தடியிலிருந்து வந்ததுதான். தோளில் அறுபது கிலோ தூக்கக்கூடியவரும் நாற்பதுதான் ஏற்றுவார். நாளையும் நடக்க வேண்டும் அல்லவா? என்ஜினிலும் அப்படியொரு மிச்சம் விட்டிருக்கிறார்கள். மட்டமான பெட்ரோல், 35 டிகிரி வெயில், தாமதமான சர்வீஸ், பத்தாண்டு உழைப்பு எல்லாவற்றுக்கும் அது காப்பு. சிப் போடுபவர் அந்தக் காப்பைத்தான் விற்கிறார். அளவு மீறினால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து, பிஸ்டனே உடையும். கிளட்சும் கியர்பெட்டியும் அதே கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். உத்தரவாதம் போகலாம். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்திருந்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

சந்தையில் இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, சாக்கெட்டில் சொருகும் மலிவுப் பெட்டி. இப்படிப்பட்ட சிலவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள், விளக்கை மினுக்கும் சுற்றைத் தவிர, கார் கணினியோடு பேசும் எதையும் காணவில்லை. இன்னொன்று, ஆக்சிலரேட்டர் பெடலுக்குப் போடும் கருவி. கால் பாதி அழுத்தினால் முக்கால் அழுத்தியதாகக் கணினிக்குச் சொல்லும். கார் துள்ளும், சக்தி ஒரு குதிரையும் கூடாது.

எனவே பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். என் காரில் டர்போ இருக்கிறதா? மாற்றுவதற்கு முன்னும் பின்னும், ஒரே நாளில், ஒரே டைனோ இயந்திரத்தில் அளந்து காட்டுவீர்களா? பழைய அட்டவணையைப் பத்திரப்படுத்தித் திருப்பிப் போட்டுத் தருவீர்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் வராத பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இந்த அரங்கைவிட்டு வெளியே போனால் சூலியா தெரு. நாகூர் தர்காவைத் தாண்டிப் போவதற்குள் எத்தனை முறை பிரேக் போடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாலத்தில் 80 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 110 என்பது சட்டம். அதற்கு உங்கள் காரில் இருக்கும் குதிரைகளே போதும். கையில் பணம் இருந்தால் முதலில் டயரையும் பிரேக்கையும் பாருங்கள்.